ஒத்தநடை வக்கீல்

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து டீக் கோப்பையோடு வெளியே வந்தவர் மேல் இடித்தார். கோப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. டீ மட்டும் அந்த மனிதரின் வெள்ளைச் சட்டையில், கழுத்துப்பட்டையில் தொடங்கி நிதானமாகக் கீழே இறங்கியது.

"மாமா, நீங்க இடிச்சது வக்கீலை," என்றான் மைத்துனன். அவன் வாசலில் நின்று மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு எப்போதும் அவர் முகம்தான் தெரியும்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவர் அவர். ஒரு பீரோவை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். மேல்முனையைப் பிடிப்பவன் முன்னால் பார்த்து இறங்கலாம். கீழ்முனையைப் பிடிப்பவர் பின்னால் நடந்துதான் இறங்க வேண்டும். பாரமும் அவர் மேல்தான் சாயும். இருபது வருடமாக அவர் கீழ்முனை. கையில் எந்நேரமும் சாமான் இருந்ததால், கதவு என்று ஒன்றைக் கண்டால் முதுகு முந்திக்கொள்ளும். பேங்க், முடிவெட்டும் கடை, பல் டாக்டர், எல்லா இடத்துக்கும் அப்படித்தான் நுழைவார். ரிவர்ஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து தேடுவார்.

வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியில் இன்னொரு வெள்ளைச் சட்டை தயாராக மாட்டியிருந்தது. மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுவரில் அவருடைய படம் சிரித்தது. தெருமுனை விளம்பரப் பலகையில் இருந்ததும் இதே சிரிப்புதான். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்க, அவ்வளவுதானே? கவலையை விடுங்க. ஒரு தொகையா வாங்கிக் கொடுத்துடறேன்."

"வேலை?" என்றார் ரிவர்ஸ்.

"எந்த வேலை?"

"என் வேலைங்க."

"அது எதுக்கு இனிமே? உங்க வயசுக்கு உக்காந்து பாக்கற வேலையா ஒண்ணு தேடிக்கோங்க."

"உக்காந்ததுக்குத்தான் சார் வேலையே போச்சு," என்றான் மைத்துனன்.

வக்கீல் அது என்ன கதை என்று கேட்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார். ரிவர்ஸ் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்து, வெளியே போகும்போது மட்டும் நேராக நடந்து போனார்.

கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். போன மாதம், வழக்கமாக மேல்முனை பிடிக்கும் மைத்துனன் கடவாய்ப் பல் பிடுங்க லீவு போட்டான். மேல்முனைக்குப் புது ஆளை அனுப்பினார்கள். அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நடந்து இறங்குகிறவருக்கு மேலே இருப்பவனின் வாய்தான் கண். படி, படி, செவுரு, இடது பக்கம் திரும்பு என்று அவன் பேசிக்கொண்டே வர வேண்டும். மைத்துனன் படியோடு சேர்த்து ஊர்க்கதையும் பேசுவான். புது ஆளோ பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே இறங்கினான். மாடி திரும்புகிற இடத்தில் ரிவர்ஸின் குதிகால் படியைத் தேடிக் காற்றில் நின்றது. "நீ வாயத் தெறக்காம நான் ஒரு படி எறங்க மாட்டேன்," என்று பீரோவை அங்கேயே இறக்கினார். புது ஆளுக்கு அது காதில் விழவில்லை. ஓய்வு என்று எண்ணிக்கொண்டு கையை விட்டுவிட்டு மேலே போய்விட்டான்.

மேற்பார்வையாளர் வந்து பார்த்தபோது ரிவர்ஸ் வீட்டுக்கார அம்மாவின் பீரோவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் எதிர்ச்சுவரில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் டீ. கீழ்வீட்டுப் பெரியம்மா இரக்கப்பட்டுக் கொடுத்தது. வீட்டுக்கார அம்மா போனில் படம் எடுத்தார்.

"எறக்கறியா இல்லையா?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆளை மாத்துங்க, எறக்கறேன்," என்றார் ரிவர்ஸ்.

மாற்றினார்கள். ரிவர்ஸையே மாற்றிவிட்டார்கள். சொன்ன வேலையைச் செய்ய மறுத்தது, வேலை நேரத்தில் வாடிக்கையாளரின் பொருளில் சாய்ந்து ஓய்வெடுத்தது என்று இரண்டு குற்றம்.

படம் கம்பெனி ஆட்கள் எல்லோருடைய போனுக்கும் போனது. மைத்துனனிடமும் இருந்தது. மாமாவும் மைத்துனனும் அதை அடிக்கடி எடுத்துப் பார்த்தார்கள். இருவர் கண்ணும் போவது ஒரே இடத்துக்குத்தான்.

"டீதான் மாமா உங்களை மாட்டிவிட்டுடுச்சு."

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

"சூடா வேற இருந்திருக்கு. ஆவி தெரியுது பாருங்க."

"நல்ல டீடா அது," என்றார் ரிவர்ஸ்.

வீட்டில் மனைவி இரண்டு பேரையும் உட்கார வைத்து விசாரித்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பலகை வக்கீலைப் பற்றிக் கேட்டுவிட்டு, "கண்ணைப் பாக்காமலே கண்ணாடி மாட்டிவிடற ஆளு," என்று தள்ளிவிட்டாள். அடுத்து வீட்டுச் சொந்தக்காரரின் சித்தப்பா மகனான வக்கீலின் பேர் வந்தது. அவர் நிலம், விவாகரத்து, நாய்க்கடி எல்லாம் பார்ப்பார்.

"நாய் கடிச்சா போகலாம்," என்றாள்.

"அக்கா, கம்பெனி கடிச்சதுக்குப் பாக்க மாட்டாரா?"

"உன் பல்லை ஒழுங்கா வச்சிருந்தா யாரையும் யாரும் கடிச்சிருக்க மாட்டாங்க."

மைத்துனன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். அவனுக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. "அந்தப் பல்லு போகும்போது உங்க வேலையையும் சேத்துப் புடுங்கிட்டுப் போயிடுச்சு மாமா," என்று நாளைக்கு ஒரு தடவையாவது சொல்வான். இப்போது அவன் புது ஆளோடுதான் தூக்குகிறான். முழங்காலுக்குக் கீழே இடமில்லாமல் சிராய்ப்பு.

"சரி, உங்களுக்கு என்னதாங்க வேணும்? அதைச் சொல்லுங்க முதல்ல," என்று கணவரைக் கேட்டாள்.

"பழைய வேலை வேணும். இவன் மேல, நான் கீழ."

"வேற கம்பெனியே இல்லையா ஊர்ல?"

"கம்பெனி இருக்கு. இவனை மாதிரி ஒரு வாயாடி எங்க கெடைப்பான்?"

"வாயாடின்னு ஒருத்தனைப் பாராட்டி இப்பதான் கேக்கறேன்," என்றாள். ஆனால் வேறு கம்பெனிப் பேச்சை விட்டுவிட்டாள். வேலை போன நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் முன்பக்கமாக நுழைவதை அவள் கவனித்திருந்தாள். கையில் எதுவும் இல்லாதவர் மாதிரி இருந்தது அவளுக்கு. மாதக் கடைசிக்குள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்காவிட்டால் அப்புறம் கொடுத்தும் பயன் இல்லை என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். வேலை விவகாரமாகவே காலம் காலமாக வாதாடுகிற வக்கீலாகப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார். யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

அதற்கு வழி சொன்னது மைத்துனன்தான்.

"நமக்குத் தெரியாத வக்கீலா மாமா? எத்தனை ஆபீஸ் மாத்தியிருக்கோம்."

இருவரும் யோசித்தார்கள். ஊரில் பாதி வக்கீல்களை அவர்கள் தூக்கியிருந்தார்கள். மார்க்கெட் பக்கத்து வக்கீலின் புத்தகங்கள் பளபளவென்று இருக்கும், பிரித்ததே இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரித் தெரு வக்கீலிடம் ஃபைலைவிட நாற்காலி அதிகம். லாரி வக்கீல் மட்டும் வேறு மாதிரி. அவர் ஆபீஸை மாற்ற ஒரு லாரி பத்தாமல் இரண்டாவது லாரி வந்தது. எல்லாம் ஃபைல். எல்லாம் தொழிற்சாலை, கம்பெனி, வேலை நீக்கம் என்று மேலே எழுதியிருந்தது. அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் கையைத் தூக்கிச் சோறு சாப்பிட முடியவில்லை.

"இத்தனை கேஸு பாத்த ஆளுக்கு அனுபவம் இல்லாம இருக்குமா?" என்றார் ரிவர்ஸ்.

"நம்ம தோளு பொய் சொல்லாது மாமா," என்றான் மைத்துனன்.

மனைவி சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வக்கீலை எடை போட்டு வாங்குகிறவர்களிடம் என்ன சொல்வது.

லாரி வக்கீலின் கட்டிடத்தில் கண்ணாடிக் கதவு. மைத்துனன் முன்னெச்சரிக்கையாக ரிவர்ஸின் இரண்டு தோளையும் பிடித்து நேராகத் திருப்பி உள்ளே விட்டான். வக்கீல் பருத்த மனிதர். மேசையைச் சுற்றி எழுந்து வந்து கைகொடுத்தார்.

"என் ஃபைல் ரேக்கை ஒரு கீறல் இல்லாம எறக்கினவங்கதானே நீங்க. மறக்க முடியுமா? உக்காருங்க. யாரு வீடு மாறப் போறாங்க?"

"வீடு இல்லைங்க சார். என்னை வேலையை விட்டு..."

வக்கீல் சட்டென்று கையைத் தூக்கினார். "நிறுத்துங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

இருவரும் பயந்துபோனார்கள்.

"நான் முதலாளிங்க பக்கம் வாதாடறவன். நீங்க தூக்கினது பூரா கம்பெனிக்காரங்க ஃபைலு. நாளைக்கு உங்க முதலாளியே என்கிட்ட வந்து நிக்கலாம். நீங்க கதையைச் சொல்லிட்டீங்கன்னா எனக்கும் சங்கடம், உங்களுக்கும் நஷ்டம்."

ரிவர்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஃபைல். வந்த பிறகு இன்னும் கூடியிருந்தது.

"இவ்வளவு கேஸும் நீங்க ஜெயிச்சதா சார்?"

"ஜெயிச்சதா?" லாரி வக்கீல் சிரித்தார். வயிறு மேசையில் இடித்தது. "முடியாத கேஸுங்க இது. எங்க பக்கம் முடிக்கணும்னு யாருக்கும் அவசரம் கிடையாது. வருஷா வருஷம் கனம் ஏறிட்டே போகும்."

மைத்துனன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது பொய் சொல்லிவிட்டது.

"அப்ப நாங்க யார்கிட்ட சார் போறது?"

லாரி வக்கீல் யோசிக்கவில்லை. "ஒருத்தங்க இருக்காங்க. என்னை இதுவரைக்கும் அஞ்சாறு தடவை கவுத்திருக்காங்க. கோர்ட்டுக்குப் பின்னாடி ஜெராக்ஸ் கடை மாடி. பழைய இடத்துலேருந்து அவங்களை மாத்திவிட்டதும் நீங்கதான்னு ஞாபகம். நான்தானே உங்க நம்பரைக் கொடுத்தேன்?"

மாமாவும் மைத்துனனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அது ஒத்தநடை வக்கீல்.

அவர்கள் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுலபமான வேலை வந்ததில்லை. ஒரு இரும்பு பீரோ, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஃபைல் என்று கையில் எடுத்துக்கொள்ளும் அளவு. ஒரே நடையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது, பெயரும் அதில் வந்ததுதான். "மீதி சாமான் எங்கங்க மேடம்?" என்று மைத்துனன் கேட்டதற்கு, "இவ்வளவுதான் தம்பி," என்றார் அந்த அம்மா. லாரியில் ஏறிய பிறகு, "பாவம் மாமா, கேஸே வர்றதில்ல போல," என்றான் மைத்துனன். அதனால்தான் அந்த அம்மா டீ குடிக்கக் கொடுத்த காசை ரிவர்ஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு ஒடுங்கிய மாடிப்படி. நடுவில் திரும்பும். மேலே கதவு திறந்தே இருந்ததால் ரிவர்ஸ் எந்தப் பக்கமாக நுழைவது என்ற கேள்வி எழவில்லை. உள்ளே அதே பீரோ, அதே மேசை, அதே இரண்டு நாற்காலி. வக்கீலம்மா காதோரம் நரைத்தவர், ஒல்லி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரிவர்ஸை உற்றுப் பார்த்தார்.

"டீ காசு வேணாம்னு சொன்னவர்தானே நீங்க?"

ரிவர்ஸ் தலையைக் குனிந்தார்.

"ஏன் வேணாம்னீங்க? ரொம்ப நாள் யோசிச்சேன்."

"உங்களுக்குக் கேஸு இல்லைன்னு நினைச்சுட்டோம் மேடம்," என்று மைத்துனன் உண்மையைப் போட்டு உடைத்தான். ரிவர்ஸ் அவன் காலை மிதித்தார். அது ஏற்கெனவே சிராய்த்த கால்.

வக்கீலம்மா சத்தம் போட்டுச் சிரித்தார். "கேஸ் முடிஞ்சா அவங்கவங்க பேப்பரைக் கட்டி அவங்கவங்க கையிலயே கொடுத்துடுவேன். நான் எதுக்கு வச்சுக்கணும்? தூசிதான் சேரும்." பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "சரி, சொல்லுங்க."

ரிவர்ஸ் சொன்னார். புது ஆள், பாட்டு, காற்றில் நின்ற குதிகால். வக்கீலம்மா குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க பண்ணின தப்பு என்ன?"

"தப்பு ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணுகூடவா? அவங்க வக்கீல் முதல்ல எதைத் தூக்கி என் முன்னாடி போடுவார்? அதை இப்பவே எனக்குக் காட்டுங்க. அங்க போய்த் தெரிஞ்சுக்கறதுக்கு நான் வரலை."

ரிவர்ஸ் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான். ரிவர்ஸுக்கு ஒன்று தோன்றியது. நல்ல தூக்குகிறவன் பீரோவைத் தொடுவதற்கு முன்னால் வெறுங்கையோடு ஒரு தரம் படியில் இறங்கி ஏறுவான். எங்கே இடிக்கும், எங்கே திரும்பாது என்று பார்த்துக்கொள்வான். கற்றுக்குட்டிதான் வந்ததும் வராததுமாகச் சாமானில் கை வைப்பான். இந்த அம்மா படியைப் பார்க்கிறார். ரிவர்ஸ் ஒத்துக்கொண்டார்.

"டீ குடிச்சேங்க."

மைத்துனன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி நெடுநேரம் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது.

"இது கஷ்டமாச்சே."

"அதாங்க. அந்த டீ..."

"டீ கிடக்கட்டும். காலை நீட்டிச் சாஞ்சு, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க. வேலை செய்ய மாட்டேன்னு சொல்லிட்டு இப்படி உக்காந்தா எந்த அதிகாரி ஒத்துப்பார்?"

மாமாவுக்கும் மைத்துனனுக்கும் அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. கையில் இருக்கும் டீயை விட்டுவிட்டுக் காலைப் பற்றி எதற்குப் பேசுகிறார்?

வக்கீலம்மா தாளையும் பேனாவையும் ஒதுக்கி வைத்தார். "வாயால சொன்னா எனக்கு ஏறலை. நடந்ததை அப்படியே செஞ்சு காட்டுங்க. இதோ என் பீரோ. காலிதான்."

"மேல்முனைக்கு நான் நிக்கறேன் மேடம்," என்றான் மைத்துனன்.

"நீங்க பேசுவீங்க. பேசாத ஆள்தானே வேணும்? நானே பிடிக்கறேன்."

ரிவர்ஸ் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா தோள்பையை நாற்காலியில் மாட்டிவிட்டுப் பீரோவைக் கட்டிப்பிடித்தாயிற்று. மைத்துனன், ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று, அவருக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை ஓடவிட்டுவிட்டு வந்து கீழ்ப்படியில் நின்று பார்த்தார். அவர் கடைக்கு வந்த மூன்று பேரும் பார்த்தார்கள்.

முதல் சில படிகள் வக்கீலம்மா பேசினார். "படி. அடுத்த படி. இந்தப் படி கொஞ்சம் உடைஞ்சிருக்கு. செவுரு வருது, ஜாக்கிரதை." கோர்ட்டில் பழகிய குரல், தெருவரைக்கும் கேட்டது. ரிவர்ஸின் கால்கள் அந்தக் குரலை நம்பி ஒவ்வொன்றாக இறங்கின. திரும்புகிற இடத்தில் வக்கீலம்மா வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டார்.

ரிவர்ஸ் நின்றார். ஒரு கணம் காத்திருந்தார். பிறகு பீரோவை மெதுவாகப் படியில் இறக்கினார். வக்கீலம்மா, புது ஆள் செய்தபடியே, கையை எடுத்துவிட்டார்.

மற்றதெல்லாம் ரிவர்ஸ் யோசித்துச் செய்ததில்லை. முதுகு பீரோவில் போய்ச் சேர்ந்தது. இடுப்பு படியில் உட்கார்ந்தது. இரண்டு காலும் எதிர்ச்சுவரில் போய்ப் பதிந்தன.

"அதே போஸு," என்றான் மைத்துனன். "டீ மட்டும்தான் குறை."

"கொண்டு வரவா?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

வக்கீலம்மா இரண்டு படி இறங்கி எட்டிப் பார்த்தார். "சரி, பாத்தாச்சு. எழுந்திரிங்க."

"எழுந்தா வந்துடுங்க மேடம்."

"என்ன வந்துடும்?"

"பீரோ."

"எங்க வந்துடும்?"

"கீழங்க. இவரு மேல," என்று ஜெராக்ஸ் கடைக்காரரைத் தலையால் காட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு அடி பின்வாங்கினார். "மேல பிடிக்க ஆள் இல்லாதப்போ நடுப்படியில சாமான் நிக்காது. முதுகைக் கொடுத்து, காலைச் செவுத்துல முட்டுக் கொடுத்தாத்தான் நிக்கும். ஆளு வர்ற வரைக்கும் அப்படியேதான் கிடக்கணும்."

"அன்னிக்கும் இதுக்குத்தான் இப்படி உக்காந்தீங்களா?"

"வேற எதுக்குங்க உக்காருவாங்க?"

வக்கீலம்மா சுவரில் பதிந்திருந்த கால்களைப் பார்த்தார். "இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

ரிவர்ஸ் சாய்ந்த வாக்கில் மைத்துனனைப் பார்த்தார். சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. "படத்துலதான் தெரியுதே மேடம்," என்றான் மைத்துனன்.

அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்பதாக இல்லை. கீழே இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். ரிவர்ஸுக்கும் சிரிப்பு வந்தது. குலுங்கினால் பீரோ நகரும் என்பதால் அடக்கிக்கொண்டு கிடந்தார்.

"மேடம், கேஸை எடுத்துக்கறீங்களா?" என்று அங்கிருந்தபடியே கேட்டார்.

"எடுத்துக்கிட்டாச்சு. முதல்ல உங்களைத் தூக்கணும்."

பீரோ மேலே போனதும் வக்கீலம்மா தன் கட்டணம் என்ன, எப்போது தர வேண்டும், தோற்றால் என்ன ஆகும் என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னார். ஜெயிப்போம் என்று சொல்லவில்லை. என்ன நடந்தாலும் நடந்த அன்றே போன் பண்ணிச் சொல்வேன் என்று மட்டும் சொன்னார். அதே மாதிரி பண்ணினார். இன்னிக்குப் புகார் கொடுத்தாச்சு. இன்னிக்கு அவங்க பதில் வந்திருக்கு, கொஞ்சம் காரமா இருக்கு, பயப்படாதீங்க. கீழ்வீட்டுப் பெரியம்மாவைப் பாத்துட்டு வந்தேன், டீ நல்லாத்தான் போடறாங்க. அடுத்த வாரம் தொழிலாளர் ஆபீஸ்ல சமரச அதிகாரி முன்னால பேச்சு. போன் வரும்போதெல்லாம் ரிவர்ஸ் எழுந்து நின்று கேட்பார்.

"யாருங்க, மேல்முனையா?" என்பாள் மனைவி.

பேச்சு நடந்த அறை சின்னது. மின்விசிறி ஓடியது. ரிவர்ஸ் கதவை முதுகால் திறந்துகொண்டு நுழைந்தார். நல்லவேளை, குறுக்கே யாரும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளியும் மேற்பார்வையாளரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் லாரி வக்கீல்.

"சொன்னேனா இல்லையா?" என்று லாரி வக்கீல் ரிவர்ஸைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். பிறகு வேலையில் இறங்கினார். சொன்ன வேலையை மறுத்தார், வாடிக்கையாளர் முன்னால் கம்பெனி மானத்தை வாங்கினார் என்று அடுக்கிவிட்டு, கடைசியில் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்து வைத்தார்.

வக்கீலம்மா அதைச் சமரச அதிகாரி பக்கம் நகர்த்தினார். "ஒரே ஒரு கேள்விதான் சார். படத்துல இருக்கறவரை இப்ப எழுந்திருக்கச் சொல்லுங்க. அடுத்த நிமிஷம் என்ன ஆகும்னு மேற்பார்வையாளர் சொல்லட்டும்."

மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் தூக்கினவர்தான். படத்தில் சுவரை முட்டியிருந்த காலின் மேல் விரலை வைத்தார். டீயை மட்டுமே பார்த்துக் கத்தியது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"என்ன ஆகும்?" என்றார் அதிகாரி.

"வந்துடும் சார்," என்றார் மேற்பார்வையாளர்.

"எது?"

"பீரோ."

லாரி வக்கீல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். தன் ரேக்குகளும் இதே முதுகில்தான் இறங்கின என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. முதலாளியை வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவு வழியாக முதலாளியின் குரல் உயர்வதும், லாரி வக்கீலின் குரல் தழைவதும், பிறகு இரண்டு குரலும் சமமாவதும் கேட்டது. மைத்துனன் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். அன்றிலிருந்து அதைப் பதினைந்து விதமாக நடித்துக் காட்டிவிட்டான்.

உள்ளே வந்ததும் முதலாளி தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு வந்துடுங்க. நடுவுல போன நாளுக்கும் சம்பளம் சேத்துக் கொடுத்துடறோம்."

"மேல்முனையில நிக்கறவங்க காதுல எதுவும் மாட்டக் கூடாது," என்றார் வக்கீலம்மா. "அதையும் எழுதிக்கலாம்."

எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா பையிலிருந்து பேப்பர்களை எடுத்து நூலால் கட்டி ரிவர்ஸ் கையில் கொடுத்தார். "உங்க கேஸு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." மைத்துனன் கையில் வாங்கி எடை பார்த்தான். ரிவர்ஸ் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வக்கீலம்மா காசு கொடுக்க வந்தார். ரிவர்ஸ் வேண்டாம் என்றார். இந்த முறை ஏன் என்று அந்த அம்மா கேட்கவில்லை. லாரி வக்கீலும் வந்து ஒரு டீ குடித்துவிட்டு, தனக்கு மறுபடி ஆபீஸ் மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொன்னார். மைத்துனன் டீயோடு தள்ளிப் போய் நின்றான்.

வீட்டில் மனைவி அடுப்படியில் இருந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பியவளுக்கு முதலில் தெரிந்தது அவர் முதுகு. எதுவும் கேட்காமல் திரும்பிக்கொண்டு, ஆட்டிக்கொண்டிருந்த மாவைத் தொடர்ந்து ஆட்டினாள்.

மறுநாள் காலை லேசாகத் தூறல் இருந்தது. முதல் வீடு இரண்டாம் மாடி. ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு வாஷிங் மெஷின், ஒரு மீன் தொட்டி. மீன்களை வீட்டுக்காரர் வாளியில் தனியாகக் கொண்டு போனார். ரிவர்ஸ் கீழ்முனை, மைத்துனன் மேல்முனை. படி, செவுரு, மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் தன் சிநேகிதனின் இரண்டாவது பெண்ணுக்கு வந்த வரன், படி என்று சொல்லிக்கொண்டு இறங்கினான். புது ஆள் லாரியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கினான். மேற்பார்வையாளர் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டாவது வீட்டுக்காரர்கள் நாளைக்குத் தள்ளிப் போட்டுவிட்டதால் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள்.